நான்காவது பிறை

சிலாவத்துறை,
புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகள் ஸஜானாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, நீயும் மருமகன் ஷிஹாபும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஐந்து நேரமும் கையேந்துகிறேன். போனில் கதைக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ அழத் தொடங்குகிறாய், அதைக் கேட்டு நானும் அழுகிறேன், கடைசியில் சொல்ல வந்த கதை ஒன்றும் சொல்லி முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் என் மகன், உன் நானா பைசரின் பெண்சாதி றிம்ஷா இதைப் படம் பிடித்து அனுப்புவாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசி.

உனக்கு ஒப்பரேஷன் என்று டொக்டர் சொன்ன நாள் வருகிற செவ்வாய் விட்டு அடுத்த செவ்வாய் காலை. ஒன்பது வருடம் கழித்து அல்லாஹ் தருகிற பிள்ளை, அதைக் கையில் வாங்க நான் அங்கே நிற்கவேண்டும், எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் மருமகன் முதலில் போட்ட டிக்கட் அதற்கு இரண்டு நாள் பிந்திய வியாழக்கிழமைக்கு. வாப்பா மவுத்தான திகதியிலிருந்து நாலு மாதம் பத்து நாளை போனில் உள்ள கலண்டரில் எண்ணியிருக்கிறார். பாலம் கட்டக் கணக்குப் போடுகிற இஞ்சினியர், புருஷன் கண் மூடினால் வேற்று ஆண் முகம் பாராமல் மாமி வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாவுக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை பார். ஏசுகிறேன் என்று நினைக்கவேண்டாம், அவர் தங்கமான பிள்ளை, ஆனாலும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. இத்தாவுக்கு முப்பத்தொன்று வருகிற மாதம் ஏது? பிறைக்குப் பிறை இருபத்தொன்பது, இல்லாவிட்டால் முப்பது, அதற்கு மேல் ஒரு நாளும் போகாது.

உன் வாப்பா மவுத்தான நேரம் உனக்கு இன்னும் சரியாகத் தெரியாது, நீ கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அன்றைக்குப் பொழுது படுகிற மக்ரிபுக்குக் கடற்கரைக்குப் போய்ப் பிறை பார்த்துவிட்டு, பள்ளியில் தொழுதுவிட்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "நசீறா, பிறை கண்டாச்சு, ஒரு பிளேன் டீ ஊத்தித் தாங்கோ" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். நான் டீயோடு வரும்போது தலை சாய்ந்திருந்தது. மரணச் சாட்சிப் பத்திரத்தில் வியாழன் என்று போட்டிருக்கிறார்கள். கந்தோர்க்காரருக்கு நடுச்சாமம் பன்னிரண்டு அடித்தால்தானே அடுத்த நாள். நமக்குச் சூரியன் கடலில் இறங்கினதும் வெள்ளி பிறந்துவிட்டது, மாதமும் புது மாதம். மௌலவி அன்றைக்கே பைசரிடம், "பிறை ஒண்டில மவுத்தான ஆள், முழுக்கப் பிறையாலதான் எண்ணவேணும்" என்று சொல்லியிருக்கிறார், அந்த அழுகைக்குள் யார் காதில் விழுந்தது? முதல் மாதம் முப்பது, அடுத்தது இருபத்தொன்பது, மூன்றாவது முப்பது. இன்றைக்கு நான்காவது மாதத்தின் இருபத்தொன்பது. இன்று மக்ரிபுக்குப் பிறை தெரிந்தால் இன்னும் பத்து நாள், சனிக்கிழமை மக்ரிபோடு இத்தா முடியும், ஞாயிறு இரவு விமானத்தில் ஏறித் திங்கள் உன் பக்கத்தில் வந்து நிற்பேன். தெரியாவிட்டால் மாதம் முப்பதாகி இத்தா முடிய ஞாயிறு மக்ரிப் ஆகும், அதற்குப் பிறகு புத்தளம் தாண்டிக் கட்டுநாயக்காவுக்கு ஓடினாலும் விமானம் போயிருக்கும். அடுத்த விமானத்தில் வந்தால் செவ்வாய் பின்னேரம், நீ பெற்று முடித்திருப்பாய்.

"ஒரு நாள்தானே உம்மா, அல்லாஹ் மன்னிப்பான்" என்று நீ போன கிழமை சொன்னாய். நான் போனை றிம்ஷாவிடம் கொடுத்துவிட்டேன், நீ கோபித்திருப்பாய். மகள், அந்த ஒரு நாளும் உன் வாப்பாவுடையது. முப்பத்தெட்டு வருடம் அந்த மனிதன் கடலுக்குப் போய் எனக்குச் சோறு போட்டது. ஊரைவிட்டு விரட்டப்பட்டுப் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்திலும் பட்டினி என்று ஒரு நாள் படுக்கவிடவில்லை. அவருக்காக நான் கடைசியாகச் செய்யக்கூடியது இந்த நாட்கள்தான், அதில் களவெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நிலவு காலம்தான் எனக்குப் பெரிய கஷ்டம். இருட்டு காலத்தில் மீன் படும், அவர் கடலில். நிலவு வளர வளர வலை வீட்டுக்கு வந்துவிடும், ஆளும் வந்துவிடுவார். மற்றவர்களுக்கு முழு நிலவுப் போயா என்றால் கந்தோர் லீவு, எனக்கு என் புருஷன் வீட்டில் இருக்கிற நாள். முற்றத்தில் பாயைப் போட்டு அவர் கிழிந்த வலை பொத்துவார், நான் பக்கத்தில் இருந்து வாய் ஓயாமல் கதைப்பேன், "கொஞ்சம் மூச்சு விட்டுக் கதையுங்கோ" என்பார். இந்த இத்தாவுக்குள் நாலு போயா வந்து போய்விட்டது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து நிலவு வந்தால் ஆள் வருவார் என்று பழகிவிட்ட மனம், இப்போதும் வெளிச்சம் முற்றத்தில் விழுந்தால் செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுக்கிறது. விசர் மனம் மகள், சொன்னால் கேட்காது.

நீ மெல்பேர்னிலிருந்து அனுப்பிய பிறைப் படத்தைப் பார்த்து நான் பயந்தே போனேன், நம்முடைய பிறை ஓடம் மாதிரி மல்லாந்து கிடக்கும், உன்னுடையது மற்றப் பக்கம் பார்த்து நிற்கிறது. பூமியின் கீழ்ப் பக்கத்தில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்று பைசர் விளங்கப்படுத்தினான். நான் இங்கே மக்ரிபுக்குச் சேலையைத் தலையில் இழுக்கும்போது நீ இஷாவும் தொழுது படுத்துவிடுகிறாயாம். ஒரே நிலவு, ஒரே சூரியன், ஆனாலும் என் பொழுதும் உன் பொழுதும் ஒரு நாளும் சேருவதில்லை.

நறுவிலிக்குளத்துச் சுபாஸ்கரன், பைசரோடு வலைத் தொழில் செய்கிற பொடியன், நேற்று அரிசி கொண்டு வந்து திரைக்கு அந்தப் பக்கம் நின்று, "எங்கட பஞ்சாங்கத்தில இண்டைக்குத்தான் அமாவாசை அம்மா, நாளைக்கே தெரியிறது கஷ்டம், மூண்டாம் பிறைதான் வடிவாத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்குப் புண்ணியமாகப் போகட்டும், என் நெஞ்சில் நெருப்பை வைத்துவிட்டான். றிம்ஷாவோ, "மாமி, போன்ல போட்டிருக்கு, பொழுது பட்டு முக்கால் மணித்தியாலம் பிறை வானத்தில நிக்கும்" என்கிறாள். போனுக்குத் தெரிந்து என்ன செய்ய, மனுசர் கண்ணுக்குத் தெரியவேண்டாமா? மத்தியானத்திலிருந்து மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. பைசரும் பள்ளிக்காரர்களும் கடற்கரைக்குப் போகிறார்கள். பாங்கு சொல்கிறது, தொழுதுவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

மகள், இஷாவும் முடிந்துவிட்டது. பிறை கண்டாயிற்று. பள்ளி ஒலிபெருக்கியில் இப்போதுதான் அறிவித்தார்கள், றிம்ஷா உனக்கு உடனே சொல்லியிருப்பாள், மருமகனும் துள்ளியிருப்பார். ஆனால் அவர்களுக்குத் தெரியாத ஒன்றை உனக்கு மட்டும் எழுதுகிறேன், இந்தப் பக்கத்தை நான்தான் படம் பிடிப்பேன், எப்படி என்று றிம்ஷாவிடம் கேட்டுப் பழகிக்கொண்டேன். மக்ரிப் தொழுதுவிட்டுக் குசினிப் பின்வாசலில் நின்றேன். அடுத்த வீட்டுக் கூரைக்கும் தென்னைக்கும் நடுவில் கொஞ்சம் வானம் தெரியும். மேகம் விலகியது, முதலில் கண்டது நான்தான். நகம் வெட்டிப் போட்டது போல மெல்லிசாக, சரியாக அந்த இடத்தில். நாலு மாதம் உன்னிடம் வருவதற்காக நாள் எண்ணிய நான், அதைக் கண்டதும் கத்தவில்லை. இன்னும் பத்து நாள்தான், அதற்குப் பிறகு நான் அவருக்காக இருக்க ஒன்றும் இல்லை என்றுதான் மனதில் வந்தது. தெரியாமல் போயிருக்கக்கூடாதா, இன்னும் ஒரு நாள் கிடைத்திருக்குமே என்று நினைத்துவிட்டேன். உன் பிள்ளையையும் மறந்து நினைத்தேன், என்னை மன்னித்துக்கொள். பின்னால் வந்து றிம்ஷா, "மாமி, தெரியுதா?" என்று கேட்டாள். தலைச் சேலையை இழுத்துவிட்டேன். பிறகு கையைக் காட்டி, "ஓம் பிள்ளை, அங்க பாருங்கோ" என்றேன். அதற்குள் கடற்கரையிலும் கண்டுவிட்டார்கள், சத்தம் கேட்டது. நான் சொன்னதால் ஒன்றும் மாறவில்லை, ஆனாலும் சொல்லும்போது அவருடைய கையை நானே விட்டது போல இருந்தது. அழுதேன், நன்றாக அழுதேன், இப்போது பரவாயில்லை.

வருகிறேன் மகள். பிள்ளை பெற்ற உடம்புக்குச் சரக்குத் தூள் இடித்து வைத்திருக்கிறேன், கருவாடு கொண்டு வர விடமாட்டார்களாம், அது என்ன நாடோ. நீ பாரம் தூக்காதே, படியில் மெல்ல இறங்கு, விமான நிலையத்துக்கு மருமகன் மட்டும் வரட்டும், நீ வந்தாயோ அங்கேயே ஏசுவேன். அல்லாஹ் உனக்கு லேசான பிரசவத்தையும் ஸாலிஹான பிள்ளையையும் தருவானாக, இரண்டு உயிரையும் அவன் காவலில் வைக்கிறேன். இந்தக் கடைசிப் பக்கத்தை வாசித்ததும் அழித்துவிடு, மறக்காதே.

வஸ்ஸலாம்,
உன் வாப்பாவுக்கு இன்னும் பத்து நாள் மிச்சமிருக்கிற
உம்மா நசீறா.