மலரோடை

அக்டோபர் 14, செவ்வாய், இரவு

பஞ்சாயத்து நூலகத்துக்காக எங்கள் தேயிலை எஸ்டேட்டின் இடப் பெயர்களை அர்த்தத்தோடு எழுதி வருகிறேன். இன்று பேக்டரியில் ஷிப்டு முடிந்ததும் ஐந்தாம் நம்பர் மலைக்குப் போனேன். போன வருஷம் கம்பத்திலிருந்து வேலைக்கு வந்த முருகேஸ்வரி கொழுந்து கிள்ளிக்கொண்டே பெயர்களைச் சொன்னாள். புலிப்பொடவு, சங்கிலிப்பாறை, காத்தாடிமேடு. பிறகு கீழே ஓடையைக் கைகாட்டி, "அது மலரோடை அண்ணே" என்றாள்.

பதினோரு வருஷத்துக்கு முன், பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் மலரை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது அங்கேதான். அப்போது அந்த ஓடைக்குப் பெயர் கிடையாது. அதன்பின் நான் அந்த ஓடைப் பக்கம் போனதில்லை.

"ஏம்மா அந்தப் பேரு?"

"மழை விட்டா கரையெல்லாம் பூவாக் கெடக்கும்ல. அதான்."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. பெயரை மட்டும் எழுதிக்கொண்டேன். அர்த்தத்துக்கு இடம் விட்டுவைத்தேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவி செல்வியிடம் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"எனக்குத் தெரியும். கூட கொழுந்தெடுக்குற புதுப் பிள்ளைக தெனமும் சொல்லுதுக. ஒங்க காதுல விழ வேணாம்னு இருந்தேன்."

"அர்த்தம் என்னன்னு எழுத?"

உலையை இறக்கி வைத்தாள்.

"பூவுன்னே எழுதுங்க. செத்த எடம்னு யாரும் அவ பேரச் சொல்ல வேணாம்."

அப்படியே எழுதிவிட்டேன். செல்வி படுத்துவிட்டாள், தூங்கவில்லை. நான் அந்தப் பெயரை இன்று ஒரு தடவைதான் கேட்டேன். அவள் தினமும் கேட்டுக்கொண்டே கூடையை நிரப்பியிருக்கிறாள்.