சிங்கிள் பெல்

நாற்பத்தொரு வருடமாக நான் ‘என்னங்க’ என்று கூப்பிட்டு வரும் உங்களுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தையும் உங்களோடு சைக்கிள் பயணம் வந்திருக்கும் டிரைவர் அண்ணனின் நலத்தையும் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் எந்த விடுதியில் எந்த நாள் தங்குவீர்கள் என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனீர்களே, அது நல்லதாகப் போயிற்று. ஏழாம் நாள் நீங்கள் தங்கும் விடுதிக்காரரைப் போனில் பிடித்தேன். ஒரு சின்னப் பார்சல் வரும், அவர் சாப்பிட்டு முடித்த பிறகு கொடுங்கள் என்று சொன்னேன். வெறும் வயிற்றோடு இதைப் படிக்க வேண்டாம். அந்த அளவுக்கு நான் இன்னும் கெட்டுப் போகவில்லை.

சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. ஒன்றரை வருடமாக நீங்கள் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொன்னதைக் குழாய் ரிப்பேர்க்காரர் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுப் போனார். வலது கை இப்போது காது வரைக்கும் உயர்கிறது. நேற்று கொடியில் நானே துணி காயப்போட்டேன். மகன் பேசினான். வழக்கம்போல மாத்திரை போட்டாயா, கதவைப் பூட்டினாயா என்று சின்னக் குழந்தையைக் கேட்பதுபோலக் கேட்டான்.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை நான் கால்வாய்ப் பாலத்துக்குப் போனேன். பஸ்ஸில்தான். என் சைக்கிள்தான் டிரைவர் அண்ணனைச் சுமந்துகொண்டு உங்களோடு போயிருக்கிறதே. நாலு மாதத்துக்கு முன்னால் நான் விழுந்த இடத்தையும், என்னைத் தூக்கிய பள்ளிக்கூடச் சமையல்கார அம்மாவையும் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள், “இன்னொரு நாள் பாக்கலாம், அவங்க என்ன ஓடியா போயிடப் போறாங்க” என்பீர்கள். உண்மைதான், அவர் எங்கேயும் ஓடிப் போகவில்லை. பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் பெரிய அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முதலில் தோளைத்தான் தொட்டுப் பார்த்தார்.

அவர் சொன்னதைச் சொல்வதற்கு முன்னால் பெல் விஷயத்தை எழுதிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியாதது இல்லை. எழுதினால்தான் எனக்கு ஆறும். உங்கள் நினைவு வேறு இப்போதெல்லாம் உங்களுக்கு வசதியான பக்கமாகவே சாய்கிறது.

மடக்கு சைக்கிள் இரண்டு வாங்கி ஊர் ஊராகப் போகலாம் என்று ஆரம்பித்த அன்றே சட்டம் போட்டவர் நீங்கள். முப்பத்துநாலு வருடம் பஸ்ஸில் கண்டக்டர் அல்லவா. சிங்கிள் பெல் என்றால் நில், டபுள் பெல் என்றால் போ. நீங்கள் முன்னால் போவீர்கள், நான் பின்னால் வருவேன், பெல் அடிப்பது என் வேலை. ஆறு வருடம் ஒரு தப்பும் நடக்கவில்லை. அப்புறம் என் பிறந்தநாளுக்கு ஒரு பித்தளை பெல் வாங்கி வந்தீர்கள். அழுத்தினால் ‘டிங்’, விட்டால் ‘டாங்’. ஒரு தடவை அடித்தாலே இரண்டு சத்தம். இது நம் சட்டத்துக்கு ஒத்து வராது என்று அன்றைக்கே சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. “நில்லுனு சொல்லணும்னா அழுத்திப் பிடிச்சுக்கோ, விடாதே. நான் நின்ன அப்புறம் விடு. இது ஒரு பெரிய வித்தையா?” என்றீர்கள். நானும் பழகிக்கொண்டேன்.

பாலத்தில் சாக்கடை மூடிக் கம்பிகளுக்கு நடுவே என் முன்சக்கரம் இறங்கியது, பெல்லை அழுத்தினேன். சக்கரம் சின்னதாக இருந்தால் இந்த வம்பு உண்டு. வலது தோள் தரையில் மோதியதும் காறை எலும்பு முறிந்ததும் தெரியும். அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் புகைமூட்டம்தான். நீங்கள் நிற்கவில்லை என்பது மட்டும் தெரியும். அடுத்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருந்து, நாற்பது நிமிடம் கழித்து நீங்கள் திரும்பி வந்தபோது ஆம்புலன்ஸே வந்துவிட்டது.

பெல் அடித்தார்களாமே, கேட்கவில்லையா என்று நர்ஸ் உங்களைக் கேட்டார். “கேட்டுச்சு சிஸ்டர். டபுள் பெல் அடிச்சா. போகச் சொல்றானு போயிட்டேன்” என்றீர்கள். அரை மயக்கத்தில் அது என் காதில் விழுந்தது. விழும் வேகத்தில் விரலை விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று நானும் நம்பினேன். நம்பினது மட்டுமா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு உங்களிடம் மன்னிப்புக் கேட்டேன். என்னால் உங்களுக்கு எவ்வளவு அலைச்சல் என்று அழுதேன். நீங்கள் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, “சரி விடு. வயசானா விரல் சொன்ன பேச்சு கேக்காது. நான் மனசுல வெச்சுக்கல” என்று சொல்லி ஒரு சுளையை என் வாயில் வைத்தீர்கள். நான் அதை முழுங்கினேன்.

அதற்கப்புறம் அது ஊருக்கே கதையாகிவிட்டது. சைக்கிள் சங்கத்தில் மாதாமாதம் சொன்னீர்கள். என் பெண்டாட்டி என்னைப் போகச் சொல்லி பெல் அடித்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டாள் என்பீர்கள், எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். எனக்கு ‘டபுள் பெல் அக்கா’ என்று பட்டப்பெயர் வந்தது. கடைசியில் நீங்களும் மகனும் போனில் பேசி முடிவு செய்தீர்கள், அம்மாவுக்கு நிதானம் போய்விட்டது, இனி சைக்கிள் வேண்டாம் என்று. மூன்று வருடமாக நான் மேப்பில் கோடு போட்டு வைத்திருந்த இந்த ஆற்றங்கரைப் பயணத்துக்கு என் சைக்கிளில் டிரைவர் அண்ணன் கிளம்பினார். சீட்டை ஒரு சாண் உயர்த்திக்கொண்டார். நான் வாசலில் நின்று டாட்டா காட்டினேன்.

இப்போது சமையல்கார அம்மா சொன்னது. நான் எதுவும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். “பெல்லுலேருந்து கையை எடுக்கவே மாட்டேன்னுட்டீங்கம்மா. சைக்கிளோட சேத்துத் தூக்கற மாதிரி ஆயிடுச்சு. ஒவ்வொரு விரலா பிரிச்சேன். கட்டைவிரலை எடுத்ததும் ‘டாங்’னு ஒரு சத்தம். தூக்கிவாரிப் போட்டுடுச்சு எனக்கு.”

புரிகிறதா? அந்த இரண்டாவது சத்தம் வந்தபோது நீங்கள் டீக்கடையில் இருந்தீர்கள். நான் விடவில்லை. துணி வெட்டும் மேசையில் முப்பது வருடம் கத்தரி பிடித்த கட்டைவிரல் அது, எலும்பு முறிந்தாலும் சொன்ன பேச்சைக் கேட்டது. விட்டால் டபுள் பெல் ஆகிவிடும், நீங்கள் போய்விடுவீர்கள் என்று பயந்து அரை மணி நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டே கிடந்திருக்கிறேன். பெல்லே கேட்கவில்லை என்று நீங்கள் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பீர்கள். கேட்டது என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். கேட்டிருந்தால் ஒன்றுதான் கேட்டிருக்கும்.

அங்கேயே அந்தப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நீங்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றினீர்கள். தலை லேசாக இந்தப் பக்கம் திரும்பப் பார்த்தது. அப்புறம் காலை எடுத்து மிதித்தீர்கள்.

ஏன் என்று எனக்கு ஓரளவுக்குத் தெரியும். அன்று காலையிலிருந்து நாலு தடவை உங்களை நிறுத்தியிருந்தேன். ஸ்வெட்டர் கழற்ற ஒரு தடவை, கொக்குக் கூட்டத்தைப் பார்க்க ஒரு தடவை, மற்ற இரண்டும் உங்களுக்கே தெரியும். இன்னொரு தடவை நிறுத்தினால் நான் போய்க்கொண்டே இருப்பேன் என்று முணுமுணுத்தீர்கள். எரிச்சலில் போனீர்கள், அவ்வளவுதானே? அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு வாரம் திட்டித் தீர்த்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும். விட்டுவிட்டுப் போனதை என்னால் மன்னிக்க முடியும். என்னை நீங்கள் மன்னித்தீர்களே, அதை மன்னிக்க முடியவில்லை. செய்யாத தப்புக்கு என்னை அழவிட்டு, பெரிய மனசு பண்ணி ஆரஞ்சு உரித்தீர்களே.

பார்சலில் அந்த பெல் இருக்கிறது. குற்றவாளி என்று சொல்லி அலமாரியில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவீர்களே, அதேதான். உங்கள் சைக்கிளில் மாட்டிக்கொள்ளுங்கள். மாட்டி, ஒரு தடவை அழுத்திப் பிடித்து, உங்கள் விரல் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். இந்தக் கடிதத்தை டிரைவர் அண்ணனிடமும் படித்துக் காட்டுங்கள். இருபது வருடம் உங்கள் பெல்லுக்கு வண்டி ஓட்டியவர் அவர். சிங்கிள் பெல் கேட்டு நிற்காமல் போனதுண்டா என்று அவரைக் கேளுங்கள். அதற்கப்புறமும் என் சைக்கிளில் உட்கார அவருக்கு மனம் வருமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு நம் வீட்டில் உங்களுக்கு வரவேற்பு. சங்கத்தார் பதினாறு பேரையும் அழைத்துவிட்டேன். நாற்காலி வாடகைக்குச் சொல்லியாயிற்று. மகனும் குடும்பத்தோடு வருகிறான். சமையல்கார அம்மாவையும் அழைத்திருக்கிறேன், முன்வரிசையில்தான் உட்காருவார். அவரிடமோ மற்றவர்களிடமோ நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. உங்களைக் கண்டால் எல்லாரும் பெல் கதை கேட்பார்கள். எந்தக் கதையைச் சொல்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பழைய கதையையே சொன்னாலும் நான் குறுக்கே பேச மாட்டேன், காப்பி கொடுத்துக்கொண்டிருப்பேன். அந்த அம்மா பேசுவார், அவருக்கு மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்கத் தெரியாது. நீங்கள் உண்மையைச் சொல்லிவிட்டால், கூட்டம் கலைந்ததும் என் சைக்கிள் சீட்டை என் உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டு, மகனிடமும் நீங்களே பேசி முடியுங்கள்.

உங்களுக்கு இன்னும் மூன்று நாள் மிதிக்க வேண்டியிருக்கிறது. தினம் நாற்பது கிலோமீட்டர், யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். நடுவில் பஸ் ஏறி ஓடி வராதீர்கள், ஞாயிறுக்கு முன்னால் கதவு திறக்காது. போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். இத்தனை வருடத்தில் உங்களை இப்படித் தவிக்கவிட்டதில்லை.

எட்டாம் நாள் பாதையில் இரண்டு பாலங்கள் வருகின்றன. மேப்பில் நானே சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். இரண்டிலும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து கடந்து செல்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரை சைக்கிளின் முன்பக்கப் பைக்குள் நீல டப்பாவில் இருக்கிறது, வேளை தவற விடாதீர்கள். வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேருங்கள். எனக்கு நீங்கள் முழுசாக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி