நீ கிளியர் அடித்த பானெட்

மாப்ள,

காலையில் புது பாலிஷ் பாட்டிலின் மூடியைத் திருகினேன். மண்ணெண்ணெயும் அழுகின வாழைப்பழமும் கலந்தாற்போல ஒரு வாடை வந்தது. வாடை மூக்கில் ஏறியதும், "இதுல என்ன போட்டிருக்குலே?" என்று பக்கத்தில் திரும்பிக் கேட்டுவிட்டேன். ஷெட்டில் யாரும் இல்லை. வெயில் ஏற ஏறக் கூரைத் தகரம் முறுக்கிக்கொள்ளும் சத்தம் மட்டும் வந்தது.

ஆமத்தூர் ரோட்டில் நாம் இந்தப் பெயிண்டிங் ஷெட்டைப் போட்ட நாளிலிருந்து டப்பாவைப் படிப்பது உன் வேலை. ஸ்பிரே கன் பிடிப்பதும் நீதான். தேய்ப்பதும் பளபளப்பு ஏற்றுவதும் என் வேலை. எந்த டப்பாவை நீட்டினாலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசிப்பாய்.

"மச்சான், தெளிவா போட்டிருக்கான். இதைத் தொறக்கிறதுக்கு முன்னாடி மச்சான் டீ வாங்கித் தரணுமாம்."

முதல் தடவை நம்பிவிட்டேன். அதற்குப் பிறகு தெரிந்தேதான் வாங்கித் தந்தேன். நீ படித்தால் எல்லா டப்பாவிலும் டீ வரும். சில டப்பாவில் வடையும் வரும்.

இதைக்கூட நான் எழுதவில்லை. சிவகாசியில் ஒரு டி.டி.பி. கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் பேச்சை நல்ல தமிழாக மாற்றி அடித்துக்கொள்ளுங்கள், நானும் அவனும் பேசிக்கொண்டதை மட்டும் பேசினபடியே விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கடைக்காரர் கல்யாணப் பத்திரிகை வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு அடிக்கிறார். "யாருக்கு அனுப்பணும் ஐயா?" என்றார். "மொதல்ல சொல்லி முடிச்சிக்கிறேன்" என்றேன்.

உன் கறுப்புக் கார் ஒரு வாரமாக என்னிடம்தான் இருந்தது. போன வாரம் உன் மகள் கொண்டுவந்து விட்டாள். காரை வெயிலில் நிறுத்திவிட்டு, அதைப் பார்க்காமல் என்னையே பார்த்துப் பேசினாள்.

"மாமா, அத்தா இருந்தப்போ இதுல மொகம் பாக்கலாம். இப்போ பாருங்க, சாம்பல் பூத்த மாதிரி இருக்கு. வீட்டுக்கு வர்றவுக எல்லாம், ஆளு போனதும் காரும் போச்சுங்கிறாக. கேக்க ஒரு மாதிரி இருக்கு. நீங்கதான் சரிபண்ணித் தரணும்."

குனிந்து பார்த்தேன். சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கீறல், சிலந்தி வலை பின்னியது போல. ஆழம் இல்லை, மயிரிழைதான். ஆனால் காரைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருந்தது. நகத்தால் வருடினேன், நகம் எங்கேயும் மாட்டவில்லை. மாட்டாத கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

"யாரு மாமா இப்படிக் கீறினது?" என்று கேட்டாள்.

"தூசிதான் தாயி."

அதற்கு மேல் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். பானெட்டின் ஓரங்களில் வட்டம் நெருக்கமாக இருந்தது, நடுவில் இல்லை. கூரையிலும் அப்படித்தான். ஒரு கை எட்டுகிற தூரம் வரைக்கும் கீறல், அதற்கு அப்பால் நீ விட்டுப்போன பளபளப்பு அப்படியே இருந்தது. அவள் உன்னைப் போல உயரமில்லை. உன் மருமகன் வெடிப்பெட்டி அட்டைக்கு ஆர்டர் பிடிக்கத் தாயில்பட்டிப் பக்கம் போய்வருகிறார். பட்டாசுக் கம்பெனி வாசலில் கார் நின்றால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். வெள்ளி மருந்துத் தூசி மாவு சலித்தது போல மேலே படிந்துவிடும். விருதுநகரில் உன் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வருவதே எப்போதாவதுதான். குடிக்கவும் குளிக்கவும் பிடித்து வைத்த தண்ணீரைக் காருக்கு யார் ஊற்றுவார்கள்? அவள் காய்ந்த துணியால் துடைத்திருக்கிறாள். வண்டிக்குள் பின்சீட்டில் உன் பழைய துண்டு மடித்து வைத்திருந்தது. அதை உதறினேன். வெயிலில் மினுமினுவென்று பறந்தது.

நீ போனதிலிருந்து அவள் தினம் துடைத்திருக்க வேண்டும். துடைத்துத் துடைத்தே கெடுத்திருக்கிறாள். அதை நான் எந்த வாயால் அவளிடம் சொல்ல?

கீறலை எடுப்பது பெரிய காரியமில்லை. என் பயம் வேறு. கீறலை எடுப்பது என்றால், நிறத்துக்கு மேலே கண்ணாடி போல நீ அடித்த கிளியரைக் கொஞ்சம் சீவி எடுப்பதுதான். எவ்வளவு சீவலாம் என்பது நீ எவ்வளவு கனமாக அடித்தாய் என்பதைப் பொறுத்தது. நீ அடித்த வேறு எந்த வண்டியைக் கேட்டாலும் சொல்லிவிடுவேன், கன்னுக்குக் காற்று போகிற ஹோஸை உன் பின்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். ஈரப் பெயிண்டில் ஹோஸ் உரசக்கூடாது என்று உயிரை வாங்குவாய். "ஏலே, தேர்வடத்தைப் புடிச்ச மாதிரி இழுக்காதே. தூக்கிப் புடிலே, மச்சான்னு பாக்கமாட்டேன்." கூரையில் தொடங்கி, பானெட்டின் முன்னோரத்தில் முடிப்பாய். முடித்ததும் கன்னைத் தூக்கிப் பார்த்து ஒரு தும்மல் போடுவாய்.

உன் சொந்தக் காருக்குக் கடைசியாக அடித்தபோது மட்டும் நான் இல்லை. மதுரையில் கண் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தேன். நான் வந்தபிறகு அடிக்கலாம் என்றுதான் பேச்சு. வந்து பார்த்தால் வேலை முடிந்திருந்தது. பார்த்தால் என்று சொல்கிறேனே தவிர, எங்கே பார்த்தேன்? ஒரு கண்ணில் கட்டு, மேலே கறுப்புக் கண்ணாடி. நீ சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். குரல் மட்டும் கேட்டது.

"முடிஞ்சுது மச்சான். நீ இல்லாம நிம்மதியா அடிச்சேன்."

"ஹோஸை யாருலே புடிச்சா?"

"தோள்ல போட்டுக்கிட்டேன். உன்னைவிட என் தோளு சொன்ன பேச்சு கேக்குது."

சிரித்தோம். எத்தனை கோட் என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவை என்ன இருந்தது? நீதான் பக்கத்திலேயே இருந்தாயே. அந்த வருஷ மழை தொடங்குவதற்குள் நீ கண்ணை மூடிவிட்டாய்.

இந்த வாரம் முழுக்க அந்த ஒரு கேள்விதான். சாப்பிடும்போதும் அதுதான். எத்தனை கோட்டுலே அடிச்சே? தப்பித்தவறி அதிகமாகத் தேய்த்து நிறம் வெளியே வந்துவிட்டால், முழுதாகச் சுரண்டி வேறொருவனை வைத்துத்தான் அடிக்கவேண்டும். நீ அடித்ததில் கடைசியாக இருப்பது இந்தக் கார் ஒன்றுதான். மற்றதெல்லாம் கைமாறி, நிறம் மாறி, இரும்புக்கடைக்குப் போய்விட்டது.

நம் பழைய மெஷினைத் தொடவே மாட்டேன் என்று முடிவு செய்தேன். நினைவிருக்கிறதா, அதை வாங்கிய அன்றைக்கு நீயே ஓட்டிப் பார்ப்பேன் என்று அடம் பிடித்தாயே. ஒரே இடத்தில் நின்று விர்ரென்று சுற்றுகிற மிருகம் அது. ஒரு மில்காரர் வண்டிக் கதவில் வைத்தாய். அது உன்னை இழுத்துக்கொண்டு கதவு விளிம்புக்குப் போனது. புகை வந்தது. விலக்கிப் பார்த்தால் விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு நிறம் போய், அடியில் பூசின பிரைமர் தெரிந்தது. நீ அதையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"மச்சான், இதுக்கு வலு இருக்கு, நெஞ்சு இல்லைலே" என்றாய்.

விருதுநகர் பஜாரில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு மெஷினை மேஜையில் எடுத்து வைத்தார்.

"பெரியவரே, இது சும்மா சுத்துறது. கம்பளிப் பேடும் கட்டிங் காம்பவுண்டும் போட்டீகன்னா ஒரு மத்தியானத்துல கீறல் பூரா ஓடிரும்."

"கூடவே பெயிண்டும் ஓடிருமே அண்ணாச்சி."

அவர் சிரித்தார். "அப்போ இதை எடுங்க. சுத்திக்கிட்டே ஆடும். ஒரே இடத்துல சூடு ஏறாது. அழுத்தினா நின்னுரும். ஆனா மெதுவாத்தான் வேலை நடக்கும், சொல்லிப்புட்டேன்."

"எனக்கு என்ன அவசரம்? வீட்டுல சோத்தைப் போட்டு வச்சுக்கிட்டு யாரும் காத்திருக்கலே."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

ஆடுகிற மெஷினைக் கையில் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். மணிக்கட்டு வரைக்கும் கிச்சுக்கிச்சு மூட்டியது, இழுக்கவில்லை. கம்பளி வேண்டாம், மெத்தென்ற பஞ்சுப் பேட் போதும் என்றேன். பிறகு பாட்டில்கள். வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். முதலாவது ஆழமாக வெட்டுவது, அடுத்தது நடுத்தரம், கடைசி மினுக்குவதற்கு மட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு வாங்கி விரலிடையில் தேய்த்துப் பார்த்தேன். முதலாவது பல்பொடி மாதிரி நறநறத்தது. கடைசி, வெண்ணெய். அதையே எடுத்தேன்.

"கீறல் பாதிதான் போகும்" என்றார்.

"பாதி போதும்."

பையில் போட்டுக் கொடுத்தார். அவர் படித்த எந்த பாட்டிலிலும் டீ இல்லை மாப்ள.

இன்று காலை காரைக் கழுவினேன். நிறையத் தண்ணீர் ஊற்றி, தூசி ஒரு துளி இல்லாமல். கதவு விளிம்பு, ரப்பர், மடிப்பு எல்லாவற்றிலும் காகித டேப் ஒட்டினேன். முதலில் பின்னால், டிக்கி மூடியின் ஒரு மூலையில், கையகல இடத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். துடைத்ததும் வலை கலைந்திருந்தது. பேடைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை. கிளியரில் மட்டும் தேய்த்தால் பேடில் வெள்ளைதான் வரும், கறுப்பு வந்தால் நிறத்தைத் தொட்டுவிட்டோம் என்று அர்த்தம். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும், உனக்கு எந்த டப்பா சொன்னதோ.

டிக்கி முடிந்தது. கதவுகள் முடிந்தன. ஒவ்வொரு தடவையும் பேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை, வெள்ளை. கூரையில் உன் கோட் கல் மாதிரி இருந்தது. "நல்லா கனமாத்தான் அடிச்சிருக்கே" என்று சொல்லிக்கொண்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு தோளில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. கறுப்பில் என் தலை தெரிந்தது, தகரக் கூரை தெரிந்தது.

பானெட்டுக்கு வந்தேன். கண்ணாடிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி வந்தேன். முன்னோரத்தில், டிரைவர் பக்கம், மெஷினை வைத்து எடுத்து வைப்பதற்குள் சத்தம் மாறியது. நிறுத்தினேன். பேடைத் திருப்பினேன்.

கறுப்பு.

கொஞ்சம்தான். கண்மை தீற்றியது போல ஒரு கீற்று. பானெட்டில் எதுவும் தெரியவில்லை, அதற்குள் நிறுத்திவிட்டேன். ஆனால் அங்கே கிளியர் இல்லை மாப்ள. இருந்தது, ஊதிவிட்டது போல மெல்லிசாக. உன் கை அப்படி அடிக்காது. முன்னோரத்துக்குத்தான் ஒரு வீச்சு கூடுதலாகக் கொடுப்பாய், கல் தெறிக்கிற இடம் என்று.

மெஷினைக் கீழே வைத்துவிட்டு, நீ உட்கார்ந்த அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். கூரையிலிருந்து பானெட் வரைக்கும் கனமாக வந்த கை, முடிக்கிற இடத்தில் ஏன் விட்டது? மூச்சு முட்டிற்றா? அப்போதே முட்டிற்றா? ஸ்டூலில் உட்கார்ந்து நீ சிரித்தபோது எனக்குக் கண்ணில் கட்டு. உன் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இல்லை, மூச்சு எல்லாம் சரியாகத்தான் இருந்து, ஹோஸ் தோளிலிருந்து நழுவியதா? பிடிக்க ஆள் இல்லாமல், ஈரத்தில் உரசிவிடும் என்று அவசரமாக விலகினாயா? எதுவென்று தெரியவில்லை. நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெயில் தாழும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். சொல்லுவாய் என்று இல்லை. வேறு எங்கே போவது என்று தோன்றவில்லை.

சாயங்காலம் உன் மகள் வந்தாள். காரைச் சுற்றி வந்தாள். கூரையில் தன் முகத்தைப் பார்த்தாள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள், சிரித்தாள். உன் சிரிப்புதான், ஒரு பக்கம் ஏறும். பிறகு முன்னால் வந்து நின்றாள். அங்கே அவள் கை போட்ட வட்டங்கள் அப்படியே இருந்தன.

"இங்கன மட்டும் ஏன் மாமா விட்டுட்டீக?"

"அங்கன தொட முடியாது தாயி. உங்கத்தா அங்கன லேசா அடிச்சிருக்கான்."

"அத்தாவா? லேசாவா?"

"ஆமா. கடைசியில கொஞ்சம் அசந்திருக்கான் போல."

அவள் அந்த இடத்தைத் துடைக்கப் போவது போலக் கையை நீட்டி, தொடாமல் எடுத்துக்கொண்டாள்.

"அடிச்சு முடிச்ச அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடலே மாமா. படுத்துட்டாக. பெயிண்டு வாடை ஒத்துக்கலேன்னாக. நானும் நம்பிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதும் என்று சொல்லமாட்டேன், போதவில்லை. ஆனால் உன்னைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று கடைசியாக வந்து சேர்ந்துவிட்டது.

"இனிமே காஞ்ச துணி போட்டுத் துடைக்காதே தாயி. குழாய்ல தண்ணி வர்ற அன்னைக்குச் சொல்லு, நான் வந்து கழுவித் தர்றேன்" என்றேன். "உங்களுக்கு எதுக்கு மாமா செரமம்" என்றாள். எனக்கு வேறு வேலை என்ன இருக்கிறது என்று சொன்னதும் சரியென்று காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

டி.டி.பி. கடைக்காரர் மறுபடியும் கேட்கிறார், யாருக்கு அனுப்ப என்று. ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வாங்கிக்கொண்டு போய் என்ன செய்வேன், என்னால் படிக்கவும் முடியாது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன்.

நாளைக்குத் தண்ணீர் வருமாம். போவேன். கூரைக்கும் கதவுக்கும் மெத்தென்ற துணி வாங்கி வைத்திருக்கிறேன். முன்னோரத்தில் துணியும் படவேண்டாம். தண்ணீரை மெதுவாக ஊற்றி, வெறும் உள்ளங்கையால் வழித்து விடுவேன்.