லெந்து நாளில் விட்ட மாத்திரைகள்

தாம்பரம்,
வியாழன் காலை.

அன்புள்ள ஜென்சிக்கு, அம்மா எழுதுகிறேன். அந்த வெளிநாட்டுக் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று ஆண்டவரை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல் எழுதக் கை வரவில்லை. அப்பாவைப் பற்றி நேற்று போனில் நான் சொன்னது பாதிதான். மீதியைச் சொல்ல வாய் வராமல், சிக்னல் இல்லை என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டேன். அதனால்தான் உன் தம்பி ஜெர்சனின் நோட்டில் பேப்பர் கிழித்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

திருமுடிவாக்கம் கம்பெனியில் லேத் மெஷினில் கடையும்போது தெறித்து விழுந்த இரும்புச் சுருள் அப்பாவின் காலில் குத்தியதும், நம் தெரு டாக்டர் காலை ஒன்று ராத்திரி ஒன்று என்று பத்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்ததும் உனக்குத் தெரியும். தெரியாதது இது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாசம் நடக்கிறதே, சாயங்கால ஜெபம் முடியும்வரை உன் அப்பா பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடமாட்டார், மாத்திரையோ சாப்பிட்ட பிறகு போட வேண்டியது. சுகர்காரர் உபவாசம் இருக்கலாமா என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "முப்பது வருசமா விடாத உபவாசம், ஒரு கால் காயத்துக்காக விட்டுடுவேனா" என்றார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், நான் சொல்வது மட்டும் கேட்காது. காலை மாத்திரையை விட்டுவிட்டு ராத்திரி மட்டும் போட்டார், வீக்கம் கொஞ்சம் வற்றியதும் நாலாம் நாள் அதையும் நிறுத்திவிட்டார். மிச்ச அட்டையை, இன்னொரு தடவைக்கு ஆகும் என்று பைபிள் வைக்கிற அலமாரியில் பத்திரப்படுத்தியது நான்தான். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

இப்போது பாதம் கறுத்து, முழங்கால் வரை வீங்கி, காய்ச்சலில் என்னையே யார் என்று கேட்கிறார். மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போட்டாரா என்று இந்த ஆஸ்பத்திரி டாக்டர் சரோஜினி, சேர்த்த முதல் நாளே கேட்டார். அப்போது அப்பாவுக்கு நினைவு இருந்தது, என் கையை அழுத்தினார். நீ என்ன பேசுவாயோ, சபையில் என்ன சொல்வார்களோ என்று அவருக்கு. "ஒரு வேளைகூட விடாம போட்டார் மேடம்" என்று நானும் சொல்லிவிட்டேன். அப்படியானால் அந்த மருந்துக்கு இது அடங்காத கிருமி என்று, என்ன கிருமி என்று காட்டும் கல்ச்சர் ரிப்போர்ட் வருவதற்குள்ளேயே வேறு கடுமையான ஊசியை ஆரம்பித்துவிட்டார். நேற்றிலிருந்து சிறுநீர் சரியாக இறங்கவில்லை, அந்த ஊசியைக் கிட்னி தாங்கவில்லையாம். காலை எடுக்க வேண்டி வரலாம், கையெழுத்துப் போடத் தயாராக இருங்கள் என்கிறார்கள். என் பொய்தான் ஊசி வழியாக அவர் உடம்பில் இறங்கிக்கொண்டிருக்கிறது ஜென்சி, எனக்குப் பயமாக இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வீடியோவில் உன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாயே, கிருமிக்குள்ளே புரதத்தை வெட்டுகிற என்சைம்கள் இருக்கின்றன என்று. சூடு, மருந்து என்று கிருமிக்கு இக்கட்டு வந்தால், கெட்டுப்போன புரதத்தை வெட்டித் தள்ளிவிட்டு இடத்துக்குத் தகுந்தபடி மாறிக்கொள்ளும், சில கிருமிகள் வெளியே விடுகிற என்சைம் நம் சதையையே அரித்து வழி போடும் என்றாய். "அப்போ உன் கிருமி உள்ள டெய்லர் கடை வச்சிருக்குன்னு சொல்லு" என்று அப்பா கிண்டல் செய்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது அதுதான் மண்டையில் ஓடுகிறது. மாத்திரை இல்லாமல் விட்ட பகல்களில் எல்லாம் அது வெட்டிச் சரிசெய்துகொண்டு இருந்ததா? அந்த என்சைமை நிறுத்த மருந்து தேடுகிறோம் என்றாயே, உன் லேபில் கொஞ்சமாவது இருக்காதா? இன்னும் பல வருஷம் ஆகும் என்று நீ சொன்னது மறக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன், எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

அப்பாவைத் திட்டாதே, திட்டுவதானால் என்னைத் திட்டு. லீவு கேட்டு வை, பாஸ்போர்ட்டைக் கையெட்டும் இடத்தில் வை, நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்துக்கொள்ளட்டும். ஒன்பது மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். இந்தக் கடிதத்தை முதலில் அவர் கையில்தான் கொடுக்கப்போகிறேன், வாயால் சொல்லப் போனால் மறுபடியும் பொய்தான் வரும். அவர் படித்து முடித்த பிறகே போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவேன். அதனால் நீ இதைப் படிக்கிறாய் என்றால் டாக்டரிடம் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். காலம் தாண்டிவிட்டிருக்கக் கூடாது என்று மட்டும் ஜெபம் பண்ணு.

உன் அம்மா,
மெட்டில்டா எலியேசர்