அப்பாவின் இடது கை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நன்றாக இருக்கிறேன் என்று எழுதித்தானே தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன்; நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே போதும். கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, சுவரில் இருக்கும் ஒட்டடைகூட இப்போது தெரிகிறது, தெரியாமலே இருந்திருக்கலாம். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

அப்பாவை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். கோபப்படுவாய், பட்டுக்கொள். எனக்குக் கண் ஆறும்வரை இருக்கட்டும், பிடித்துப்போனால் அப்படியே இருந்துவிடட்டும் என்று நீ பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்த முதியோர் இல்லம், குறை சொல்ல மாட்டேன், தரை பளபளவென்று இருந்தது, விரிப்பில் ஒரு கறை இல்லை. ஆனால் நான் போனபோது அவருடைய இடது கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டிப்போட்டிருந்தார்கள். அந்த நர்ஸ் பெண் நல்லவள்தான், பாவம், "சும்மா கைய ஆட்டிக்கிட்டே இருக்காரும்மா, கம்பியில அடிபட்டுடுமேன்னுதான் கட்டினோம்" என்றாள். ஆட்டவில்லையடி, தண்ணீர் கேட்டிருக்கிறார். தறிக் கூடத்துச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது, மில்லில் இருந்த காலமெல்லாம் நானும் அவரும் கையால்தான் பேசினோம், சண்டைகூடக் கையால்தான். அந்தச் சத்தம் அவர் காதைத் தின்றது, பக்கவாதம் பேச்சையும் வலது கையையும் கொண்டுபோயிற்று, மிச்சம் அந்த இடது கை ஒன்றுதான். கட்டைவிரல் உதட்டுக்குப் போனால் தண்ணீர், நெஞ்சைத் தட்டினால் வலி. இது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? நானும் சொல்லிவைக்கவில்லை, மில் ஆட்களுக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று இருந்துவிட்டேன். எதிர்வீட்டு ஃபிட்டர் அண்ணன் தினமும் வந்து அவரைத் திருப்பிப் படுக்கவைக்க ஒத்தாசை செய்கிறார், அவருக்கே முதுகு வளைந்துவிட்டது. நம் தெருவில் தூக்குகிற ஆளும் கிழம், தூக்கப்படுகிற ஆளும் கிழம், பிள்ளைகள் எல்லாம் உன்னைப்போல வெளியூர். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இவரை யார் பார்ப்பார்கள்? திரும்பவும் அந்த இல்லம்தான் என்பது எனக்கும் தெரியாமலில்லை.

கையில் கட்டிய துணியை அன்றைக்கே அவிழ்த்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அவர் அந்தக் கையைத் தூக்கவே இல்லை. உதடு வறண்டு வெடித்திருக்கிறது, கேட்க மாட்டேன் என்கிறார். நேற்று வேண்டுமென்றே தண்ணீர் டம்ளரைக் கண்ணில் படும்படி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன், பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் மனசு கேட்காமல் நான்தான் எழுந்துபோய்ப் புகட்டினேன்.

லீவு கிடைத்தால் வா. நீ கைக்குழந்தையாக மில் காப்பகத்தில் இருந்தபோது, உனக்குப் பால் கொடுத்துவிட்டு நான் திரும்பியதும் அவர் தன் தறியிலிருந்தே உள்ளங்கையை மார்பில் வைத்து மெல்ல ஆட்டுவார், பாப்பா எப்படி இருக்கிறாள் என்று அர்த்தம். நீ கட்டிலருகே நின்று அதைச் செய்து காட்டு, ஒருவேளை கை எழும். நான் செய்து பார்த்துவிட்டேன், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டிப்போடச் சொன்னதே நான்தான் என்று நினைக்கிறாரோ என்னவோ.

குழந்தைக்கு முத்தம், மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீண்ட ஆயுசு என்று வாழ்த்த எனக்கு மனம் வரவில்லை, இருக்கும்வரை கைகால் திடமாய் ஓடியாடி நன்றாயிருங்கள். அப்பாவைப் போனில் காட்டு என்று மட்டும் கேட்காதே, நேரில் வா.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா