நிமிர்ந்து நின்ற அக்கா

மேட்டுப்பாளையம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள பிரவீனாவுக்கு,

வெங்கடலட்சுமி அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் குட்டி மானசாவும் ஆக்லாந்துக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் புத்தகத்தை வைத்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டேன், அம்மணி! வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாய், உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? அதனால்தான் பேனாவை எடுத்தேன். உறைக்குள் ஒரு கல்யாணப் பத்திரிகையும் இருக்கிறது. அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் படம்.

நேற்று கோவையில் எங்களுக்காகவே ஒரு காட்சி போட்டார்கள். எனக்கு இந்தப் பக்கம் உன் தம்பி கதிர்வேல், அந்தப் பக்கம் அவன் கூட்டாளி சரவணன். ஒரே கொலை வழக்கில் பதினாலு வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்த இருவருக்கு நடுவில் பாப்கார்ன் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் நானாக வரும் பெண்ணை நீ பார்க்க வேண்டுமே! கொடி மாதிரி இருக்கிறாள். சிறை வாசலில் காரில் வந்து இறங்குகிறாள். நான் முறுக்குப் பொட்டலத்தோடு டவுன் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போனது யாருக்குத் தெரியும்? சரவணனுக்கு வேறு வருத்தம். எனக்குப் போயி இத்தாச்சோடு பெரிய தொப்பை வெச்சுப்போட்டாங்களே ரைட்டரம்மா என்று இடைவேளை வரைக்கும் புலம்பித் தீர்த்தான்.

ஆனால் ஒன்றை நன்றாகப் பிடித்திருக்கிறார்கள். கொலை வழக்குகளைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவள் நான். புத்தகம் முடிந்ததும் அடுத்த வழக்கைத் தேடிப் போயிருக்க வேண்டியவள். இவர்களைப் பார்க்கப் போவதை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை. கொலைகாரப் பசங்களோடு உனக்கென்ன ஒட்டு என்று என் வீட்டிலேயே சண்டை. செய்தது தப்பு என்று அவர்கள் வாயிலிருந்து வருவதற்கே வருடக்கணக்கானது. அது வந்த பிறகு, சரி நான் வருகிறேன் என்று எழுந்து வந்துவிட எனக்கு மனசு கேட்கவில்லை. படத்திலும் அவள் அப்படித்தான், எழுந்து போய்விட்டுத் திரும்பி வருகிறாள். அந்த இடத்தில் நான் அழுதேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். படத்தில் என்னைக் காட்டிக்கொடுத்தவளாகக் காட்டிவிடுவார்களா அக்கா என்று போன மாதம் கேட்டிருந்தாய். தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறைத் தகராறில் ராசம்மாளின் வீட்டுக்காரரை வெட்டிக் கொன்றுவிட்டுக் கதிர்வேலும் சரவணனும் ஓடி வந்ததை நீ பார்த்தாய். பார்த்ததைக் கோர்ட்டில் சொன்னாய். அன்றைக்கு ஊரை விட்டுப் போனவள் இன்னும் தம்பி முகத்தில் விழிக்கவில்லை.

இயக்குநர் முதலில் எழுதி வைத்திருந்தது உண்மையிலேயே மோசம்தான். சாட்சி சொல்லிவிட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுவாளாம், தம்பி காலில் விழுவாளாம். கதிர்வேல் அதைக் கேட்டுவிட்டுக் குரலை உயர்த்தாமல் சொன்னான்: எங்கக்கா அழுவுலீங்க, நிமுந்து நின்னுதான் சொல்லுச்சு, அப்படியே எடுக்கறதா இருந்தா எடுங்க, இல்லீனா எம்பட கதையே வேண்டாமுங்க.

அப்படியேதான் எடுத்திருக்கிறார்கள். திரையில் உன் வேஷம் போட்ட பெண் கூண்டில் ஏறி நின்றதும், என் பக்கத்தில் உன் தம்பி விறைப்பாக எழுந்து நின்றுவிட்டான். பின்னால் இருந்தவர்கள், ஏனுங்க, உக்காருங்க, மறைக்குதுங்க என்று சத்தம் போட்டார்கள். அவன் காதில் ஏறவே இல்லை. நீ சொல்லி முடித்து இறங்கும் வரைக்கும் நின்றான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, பிரவீனா.

ராசம்மாளையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வரவில்லை. படம் பாத்தா ஆளு திரும்பி வந்துருவாருங்களா என்று கேட்டுவிட்டாராம். ஆனால் நான் அவர் வாசலில் போய் நின்றபோது அவர் கேட்ட முதல் கேள்வி, அந்தப் புள்ள நல்லா இருக்குதுங்களா என்பதுதான். ஆக, இந்த ஊரில் உன்னை விசாரிக்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் ராசம்மாள், இன்னொருவன் உன் தம்பி, யோசித்துப் பார்.

சரி, இப்போது பத்திரிகையைப் பிரித்துப் பார். உன் தம்பிக்குக் கல்யாணம், வைகாசி கடைசி முகூர்த்தம். பெண் பெயர் கீதா, பெருந்துறையில் ஒரு கம்பெனியில் வேலை. கெட்டிக்காரி. கோபம் வந்தா இப்ப என்ன பண்ணுவாருங்க என்று என்னிடம் நேராகவே கேட்டாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாக்குத் தோப்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விடுவான் என்றேன். யோசித்து ஒரு வாரம் கழித்துத்தான் சம்மதம் சொன்னாள்.

உங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் செய்ய உடன்பிறந்தவள் வேண்டுமே. கூறைச் சேலையின் ஒரு முனை மாப்பிள்ளையிடம், மறுமுனை உடன்பிறந்தவளிடம். ரைட்டரம்மாவே நிக்கட்டும் என்று உன் பெரியப்பா வீட்டார் சொல்லிவிட்டார்கள். எங்கள் நாயுடு வீட்டில் இந்தச் சீர் கிடையாது, எனக்குத் தம்பியும் கிடையாது. மறைப்பானேன், சந்தோஷத்தில் அன்றைக்கே கோவைக்கு ஓடிப்போய் ஒரு பட்டு எடுத்துவிட்டேன். கதிர்வேல் மட்டும் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

நேற்று தியேட்டரில்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் முறுக்கோடு போய் வந்திருக்கிறேன். எனக்காக அவன் ஒருநாளும் அப்படி எழுந்து நின்றதில்லை.

அதனால் இணைச்சீருக்கு நான் நிற்கப் போவதில்லை, அது உன் இடம், கண்ணு. பட்டு இருக்கட்டும், அதைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். உன்னைக் கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை. எனக்குத்தான் வாய்க்குப் பஞ்சமில்லையே, நான் கூப்பிடுகிறேன். ஊரே பார்க்கக் கூண்டுக்கு நடந்து போன கால்தானே, மணவறைக்கும் நடந்து வரட்டும்.

மகராசியாக இரு. மானசாவுக்கு என் முத்தங்கள். அவளுக்கு ஒரு மாமன் இருக்கிறான் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வா.

உன் வரவை எதிர்பார்த்து,
வெங்கடலட்சுமி அக்கா