ஒன்பது டிகிரி அறை

நாள் 211, 08:10
வெப்பம் 9 டிகிரி. ஈரப்பதம் 82. மின்விசிறி ஓடுகிறது. தொட்டியில் செடியின் வேரைச் சுற்றிய பாசி ஈரமாக இருக்கிறது, பிழிந்தால் சொட்டவில்லை. மொட்டு ஒன்றுதான். இன்னும் உதிரவில்லை.

இதை யார் படிப்பீர்களோ தெரியாது. நான் ஜெபக்கனி, நிலாவின் தென் துருவ நிலையத்தில் தண்ணீர் ஆய்வாளர். இங்கே இருப்பது இரண்டே பேர். மற்றவன் முகைதீன், பள்ளத்தில் பனிக்கட்டி தோண்டுகிறவன். செடி, மேகம் உரசும் மலைக்காட்டு ஆர்க்கிட்; மஸ்டிவேலியா என்பார்கள். சூடு பட்டால் சுருண்டுவிடும். தூத்துக்குடியில் பழைய ஃபிரிட்ஜுக்குள் வைத்து வளர்க்கப் பார்த்து மூன்று செடிகளைக் கொன்றவள் நான். இது நான்காவது.

நாள் 211, 18:30
முதல் மொட்டு நாங்கள் புழங்கும் அறையில் மஞ்சளாகி விழுந்தது. அங்கே 24 டிகிரி. அதனால்தான் பதினேழு நாளுக்கு முன் இதை உடை அறைக்கு மாற்றினேன். வெளியே போடும் விண்ணுடைகள் இரண்டும் அங்கேதான் தொங்குகின்றன. நிலையத்திலேயே குளிர்ந்த இடம். காலையும் மாலையும் தண்ணீரைப் பொடித் தூறலாகத் தெளிக்கிறேன். உடை அறையில் செடி வைக்கக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லை. இரண்டு முறை தேடினேன்.

துளைக் கருவி பழுது. முகைதீன் மூன்று வாரமாகப் பட்டறையே கதி என்று கிடக்கிறான். இன்டர்காமில் சொன்னான்: "நான் ஒரு வாளி தண்ணி கேட்டா ஆயிரம் கேள்வி கேக்கீய. அந்தச் செடியம்மாவுக்கு மட்டும் ரெண்டு வேளை பன்னீரு. பூ விரிஞ்சா மொதல்ல எனக்குத்தான் காட்டணும், சொல்லிட்டேன்."

நாள் 214, 10:10
கருவி சரியாகிவிட்டது. முகைதீன் பள்ளத்துக்குக் கிளம்பினான். இருபத்தைந்து நிமிட நடை, முழுக்க நிழல். மொட்டின் நுனி லேசாகப் பிளந்திருக்கிறது. காலைத் தெளிப்பு முடிந்தது.

நாள் 214, 10:49
பள்ளத்திலிருந்து முகைதீன்: "எக்கா, காதுக்குப் பின்னால யாரோ பல்லக் கடிக்க மாதிரி சத்தம் கேக்கு. மூச்சு இழுத்தா வரமாட்டேங்கு."

அடுத்த நிமிடமே அவனுடைய மூச்சு வால்வு நின்றுவிட்டது. கிளம்பி நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடவில்லை. அவசர சிலிண்டரைத் திறந்துகொண்டான். அசையாமல் உட்கார்ந்தால் நாற்பத்தைந்து நிமிடம் தாங்கும். நடந்தால் இருபது. உட்காரச் சொன்னேன். நான் போய் என் உடையிலிருந்து குழாய் மாட்டி, என் காற்றைப் பங்கிட்டு அழைத்து வர வேண்டும்.

10:53
என் உடையின் வால்வு மூடியைத் திறந்தேன். உள்ளே காற்றை வடிகட்டும் பஞ்சு நனைந்திருக்கிறது. விரலில் ஈரம்.

வெளியே நிழலில் மைனஸ் நூற்றெண்பது. அவன் உடையும் இதே அறையில்தான் தொங்கியது. ஈரம் வால்வுக்குள் போய்ப் பனியாக இறுகியிருக்கிறது. செய்தது நான்தான். தினமும் இரண்டு வேளை, என் கையால், பாட்டுப் பாடிக்கொண்டே.

முகைதீன்: "அக்கா, லைன்ல இருக்கீயளா? எதாவது பேசுங்க. சத்தமே இல்லாம பயமா இருக்கு."

பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. வால்வு விஷயத்தைச் சொல்லவில்லை.

10:58
பஞ்சு முழுதாகக் காய ஆறு மணி நேரம் ஆகும். சூடான காற்றை அறையில் ஊதவிட்டு வால்வை அதன்முன் பிடித்தேன், நான்கு நிமிடம். அதற்கு மேல் நேரமில்லை. பூமிக்குத் தகவல் சொன்னால் போகாதே என்பார்கள். சொல்லவில்லை. எழுத்து தப்பித் தப்பி விழுகிறது.

11:04
கணக்கு இது. 11:30க்கு அவனை அடைவேன். 11:55க்குத் திரும்ப வேண்டும். என் வால்வும் நாற்பது நிமிடம் ஓடினால் 11:45 வரை. பிறகு என் அவசர சிலிண்டர். இருவர் நடந்தால் அது பத்து நிமிடம். சரியாக வருகிறது. மிச்சம் எதுவும் இல்லை.

இதைப் படிப்பவருக்கு: உடை அறையில் செடி வைக்காதீர்கள். விதிப்புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.

உடையைப் பூட்டும்போது திரும்பிப் பார்த்தேன். பூ விரிந்திருக்கிறது. ஆரஞ்சு நிறம், மூன்று வால்கள், மின்விசிறிக் காற்றில் ஆடுகின்றன. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

11:31, குரல் பதிவு
வந்துவிட்டேன். பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். விளக்கை ஆட்டியும் கை தூக்கவில்லை. குழாயை மாட்டினேன். இரண்டு முறை நழுவியது. இப்போது இழுத்து இழுத்து மூச்சு விடுகிறான். எழுந்துவிட்டான். நடக்கிறோம். இது உள் பதிவு, அவனுக்குக் கேட்காது.

11:34, குரல் பதிவு
மெதுவாகத்தான் நடக்கிறான். என் தோளைப் பிடித்திருக்கிறான். முகைதீன்: "எக்கா, வேற யாரா இருந்தாலும் வந்திருக்க மாட்டாவ. வீட்ல உம்மாட்ட சொல்லுவேன்."

நன்றி சொல்கிறான். எனக்கு.

11:37, குரல் பதிவு
காதுக்குப் பின்னால்... யாரோ பல்லைக் கடிப்பது போல.

பதினெட்டு நிமிட நடை பாக்கி. சிலிண்டரில் பத்து. மறுபடி கணக்குப் போட்டேன். இருவருக்கும் போதாது. ஒருவர் நடந்தால் இருபது நிமிடம்.

முகைதீன்: "பூ என்னாச்சுக்கா? விரிஞ்சிட்டா?"

விரிந்துவிட்டது, ஆரஞ்சு நிறம் என்று சொன்னேன். சிரிக்கிறான்.

11:39, குரல் பதிவு
குழாயைப் பிரித்து, என் அவசர சிலிண்டரைக் கழற்றி அவன் உடையில் மாட்டிவிட்டேன். இது கூடுதலாகக் கொண்டுவந்த சிலிண்டர், எனக்கு வால்வு நன்றாக ஓடுகிறது, நீ முன்னால் போய்க் கதவைத் திறந்து வை, நான் கருவியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். நம்பிவிட்டான். நான் சொன்னால் எதையும் நம்புவான்.

அவன் விளக்கு தெரிகிறது. திரும்பிப் பார்க்கிறான். போ என்று கை காட்டினேன்.

பயமாக இருக்கிறது. மிகவும் பயமாக

12:03, நிலையத்திலிருந்து, முகைதீன்
"அக்கா, வந்துட்டேன். கதவு திறந்துதான் இருக்கு. பூவப் பாத்துட்டேன், நல்லாருக்கு. இந்த அறை ரொம்ப காஞ்சு கெடக்கே, தண்ணி தெளிச்சு விட்டிருக்கேன். நீங்க எங்க வாறீய?"